எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம்: மேல்தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் வாதமும்

1579இல் கொச்சியில் ஒரு தமிழ் நூல் அச்சேறியது. அதன் பெயர் ‘கிரீசித்தியானி வணக்கம்’. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகியிருந்தது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த போர்த்துக்கீசியப் பாதிரியார், மார்க்கோஸ் ஜார்ஜ் எழுதிய ஞானோபதேச நூலைத் தமிழில் தந்ததே ‘கிரீசித்தியானி வணக்கம்’. ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் உரையாடலாக அந்த நூல் நடக்கிறது. கேள்வி, விடை இரண்டுமே அச்சில் உண்டு. மாணவர் செய்ய வேண்டியது அதை மனத்தில் இருத்தித் திரும்பச் சொல்வது மட்டுமே.

சமய போதனைக்கு அந்த வடிவம் பொருந்தும். நம் பள்ளிகளின் மொழிப்பாடமும் அதே வடிவத்தில் நின்றுவிட்டதுதான் கவலை தருகிறது. “இக்கதை உணர்த்தும் நீதி யாது?” என்ற கேள்விக்கு விடை உரைநூலில் இருக்கிறது. “உங்கள் தெருவுக்கு மின்விளக்கு வேண்டி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக” என்ற கேள்விக்கும் விடை அதே உரைநூலில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் அனுப்புநர், பெறுநர், பொருள், ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்ற வரிசை தூக்கத்திலும் வரும். அந்த விண்ணப்பத்தை எந்த ஆணையரும் படித்ததில்லை. அந்தத் தெருவில் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தாலும் மதிப்பெண் குறையாது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் படித்ததைப் பற்றி எழுதுவதும், பிறரை இசையவைக்க எழுதுவதும் ஒரே திறனின் இரு படிகள் என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டுக்கும் தேவையானது, வேறு கருத்துள்ள ஓர் உண்மையான மனிதர். அந்த மனிதர் இல்லாத வகுப்பறையில் வடிவம் மட்டுமே மிஞ்சுகிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் கொச்சியின் மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் அரிது.

கேரளம் திறந்த வாசல்

கேரளத்தில் நான்காம் வகுப்போடு தொடக்கநிலை (எல்.பி.) முடிகிறது, ஐந்து முதல் ஏழு வரை மேல்தொடக்கநிலை (யு.பி.). இந்த வகுப்புகளின் மொழிப்பாடத்தை மாற்ற அந்த மாநிலம் எடுத்த முயற்சி பெரியது. 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு செயல்வழிக் கற்றல் வந்தது. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகம் அதை மேலும் விரித்தது. மொழியியலாளர் கே. என். ஆனந்தன் போன்றோர் முன்வைத்த அணுகுமுறையில், எழுத்து, சொல், வாக்கியம் என்று துண்டு துண்டாகக் கற்பதற்கு முன்னுரிமை இல்லை. உரையாடல், நாட்குறிப்பு, நோட்டீஸ், சுவரொட்டி, கடிதம், நிவேதனம் (விண்ணப்பம்) என்று முழு வடிவங்களின் வழியாகவே பிள்ளை மொழிக்குள் நுழைகிறது. இவற்றில் பாதிக்கு மேல் பிறரை இசையவைக்கும் எழுத்து.

வாசிப்புக்கும் அங்கே தனி மதிப்பு உண்டு. 1945இல் திருவிதாங்கூரில் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கி ஊர் ஊராக நூலகம் எழுப்பிய பி. என். பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். அந்த நாளே வாசிப்பு நாள். பள்ளிகள் அதை வாரமாகவும் நீட்டிக் கொண்டாடுகின்றன. பிள்ளைகள் நூலகத்திலிருந்து நூல் எடுத்துப் படித்து ‘வாயனக்குறிப்பு’ (வாசிப்புக் குறிப்பு) எழுதுகிறார்கள்.

திறந்த வாசல்தான், ஆனால் தேர்வு அதை மெல்லச் சாத்திவிட்டது. நோட்டீஸ் என்றால் தலைப்பு, நாள், இடம், நேரம், நிகழ்ச்சி நிரல். நிவேதனம் என்றால் பெறுநர், விளி, குறை, கோரிக்கை, கையொப்பம். வடிவக்கூறுக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒன்று என்று பங்கிட்டபின், சொன்ன காரணம் நிற்குமா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. வாசிப்புக் குறிப்பும் அப்படியே ஆனது: நூலின் பெயர், ஆசிரியர், கதைச் சுருக்கம், கடைசியில் ‘இந்த நூல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது’. ஏன் பிடித்தது, யாருக்குப் பிடிக்காமல் போகலாம் என்ற கேள்வி எழுவதே இல்லை. தமிழ்நாட்டிலும் 2022 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, அதற்கு மேல் ‘தேன்சிட்டு’ என்று அரசே சிறார் இதழ்கள் நடத்துகிறது. வாசிப்பு இயக்கம் சிறு நூல்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. நூல் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. படித்தபின் என்ன செய்வது என்பதில்தான் இரு மாநிலங்களும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன.

ஆய்வுகள் சொல்வது

கனடாவின் மேரியன் க்ரோஹர்ஸ்ட் 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு குழு வாதத்தின் அமைப்பைக் கற்று, வாத எழுத்தை எழுதிப் பழகியது. இன்னொரு குழு அதே அமைப்பைக் கற்று, வாத எழுத்துகளைப் படித்துப் பழகியது. ஒப்பீட்டுக்கு வைத்த குழு நாவல் படித்து நூல்குறிப்பு எழுதியது. எழுதிப் பழகியவர்களும் படித்துப் பழகியவர்களும் வாத எழுத்தில் முன்னேறினார்கள். வாதத்தைக் கூர்ந்து படிப்பதே எழுத்துப் பயிற்சியாகிறது. வெறும் நூல்குறிப்பு அந்த வேலையைச் செய்வதில்லை.

2001இல் அலினா ரெஸ்னிட்ஸ்காயா, ரிச்சர்ட் ஆண்டர்சன் குழுவினர் அமெரிக்காவில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் செய்த ஆய்வு நாம் பேசும் வயதுக்கு இன்னும் நெருக்கமானது. கதை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் வரும் சிக்கலான கேள்வியைப் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பேசித் தீர்க்க முயன்றார்கள். ஆசிரியர் ஓரமாக நின்றார். அப்படிப் பேசிப் பழகிய பிள்ளைகள், பின்னர் வேறொரு கதையைப் பற்றித் தனியே எழுதியபோது கூடுதல் காரணங்களையும், எதிர்த்தரப்பின் காரணங்களையும், அவற்றுக்கான பதில்களையும் எழுதினார்கள். வாயால் கேட்ட மறுப்பு தாளுக்கு வந்து சேர்ந்தது.

நியூயார்க்கில் டியானா கூனும் அமன்டா க்ரோவெலும் ஆறாம் வகுப்பிலிருந்து மூன்றாண்டுகள் ஒரு மாணவர் கூட்டத்தைப் பின்தொடர்ந்து 2011இல் எழுதியதும் அதையே உறுதிசெய்கிறது. எதிர்க்கருத்துள்ள இணையோடு இருவர் இருவராக மோதிப் பழகியவர்கள், முழுவகுப்பு விவாதமும் கூடுதல் கட்டுரைப் பயிற்சியும் பெற்றவர்களைவிட இருபக்கத்தையும் கணக்கில் கொண்ட வாதங்களைக் கூடுதலாக எழுதினார்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்ற நம் பழைய நம்பிக்கை இங்கே ஆட்டம் காண்கிறது.

கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987இல் செய்த பகுப்பு இதற்குக் காரணம் சொல்கிறது. தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் கொட்டுவது ஒருவகை எழுத்து. எழுதும்போதே எண்ணம் மாறுவது இன்னொரு வகை. சிறுபிள்ளைகள் இயல்பாக முதல் வகையில் இருக்கிறார்கள். இரண்டாவதற்கு நகர, “அப்படியில்லையே” என்று சொல்லும் ஒரு குரல் வேண்டும். முதலில் அது எதிரே இருக்கும் தோழியின் குரலாக இருக்கும். பழகப் பழக எழுதுபவரின் மனத்துக்குள்ளேயே ஒலிக்கும்.

மட்டாஞ்சேரியே ஒரு பாடநூல்

அந்தக் குரலுக்கு மட்டாஞ்சேரியில் பஞ்சமில்லை. சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எல்லாம் வீட்டு மொழிகளாக வாழ்கின்றன. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியிலுள்ள சலவைத்துறையில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஒரே பெஞ்சில் அமரும் மூன்று பிள்ளைகளின் வீட்டில் மூன்று மொழி, மூன்று வகைச் சாப்பாடு, மூன்று விதமான ஞாயம். வெளியூர்ப் பாடநூலைத் தேடாமல் வாதத்தைக் கற்பிக்க இங்கேயே மூன்று வரலாற்றுப் பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, சான்றின் பாடம். டச்சு அதிகாரி வான் ரீட் கொச்சியில் இருந்தபோது தொகுக்கத் தொடங்கிய ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. அதன் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் 1675இல் தந்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே அச்சாகியுள்ளன. தாங்கள் சொன்னதை எந்த நூலிலிருந்து, எந்த அனுபவத்திலிருந்து அறிந்தோம் என்று அவர்கள் தெரிவிக்கிறார்கள். “நான் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?” என்ற கேள்விக்கு முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் மக்கள் எழுதிவைத்த பதில் அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் பாட்டியிடம் ஒரு மூலிகையைப் பற்றிக் கேட்டு, ‘இது எனக்கு யார் வழி தெரியும், எதைக் கண்ணால் பார்த்தேன்’ என்று இரண்டு வரி எழுதினால் அந்த மரபில் கால்வைக்கிறது.

இரண்டாவது, செயலால் வாதிட்டவரின் பாடம். யூதத் தெருவின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களுக்கு உள்ளே பெஞ்சில் அமர இடமில்லாத காலம் இருந்தது. அக்குடும்பங்களில் பிறந்து வழக்கறிஞரும் கொச்சி சட்டமன்ற உறுப்பினருமான ஏ. பி. சேலம், காந்திய வழியில், தன் மக்களோடு அந்த ஒதுக்கலை எதிர்த்து நின்றார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்தார்கள். ஆறாம் வகுப்பில் இதைப் படித்துவிட்டு, “சேலம் வேறொரு ஜெப ஆலயத்துக்குப் போயிருக்கலாமே?” என்ற கேள்வியைப் போட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்தப் பிரிவில்தான் கல்வி தொடங்குகிறது.

மூன்றாவது, கூட்டுக் கோரிக்கையின் பாடம். கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. கங்காணிகள் உலோக வில்லைகளை வீசுவார்கள். முண்டியடித்துப் பிடித்தவருக்கே அன்று வேலை. அதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர் மீது 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு தொழிலாளியின் நிலையிலிருந்து ஒரு முறையும், நாள்தோறும் கப்பலைக் காலிசெய்யப் பொறுப்பேற்ற ஒப்பந்தக்காரரின் நிலையிலிருந்து ஒரு முறையும் எழுதிப் பார்க்கலாம். இரண்டையும் எழுதியபின், எந்த ஞாயம் நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்று மூன்றாவதாக எழுத வேண்டும். அந்த மூன்றாம் எழுத்தே மதிப்பிடத் தக்கது.

நன்னூல் தரும் ஏழு நிலைகள்

கருத்து வேறுபாட்டை ஒழுங்காகக் கையாளும் முறை நமக்கு அயலது என்று நினைக்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூல் செய்பவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைகளைப் பாயிரத்திலேயே வகுத்துவிடுகிறது. பிறர் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின்னர் விலக்கலாம், தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிறுவலாம், முரண்படும் இருவரில் ஒருவர் பக்கம் துணியலாம், பிறர் நூலின் குறையைக் காட்டலாம், எவரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்ளலாம். நூலாசிரியர்களுக்குச் சொன்ன இந்த ஏழையும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தர முடியும் என்பதே என் துணிபு.

நான்காம் வகுப்புக்கு முதல் இரண்டு போதும்: “இதில் நான் ஏற்பது... ஏனென்றால்...”, “இதில் நான் ஏற்காதது... ஏனென்றால்...”. ஐந்தாம் வகுப்பில் இரு பாத்திரங்களில் ஒருவர் பக்கம் நிற்கலாம். ஆறாம் வகுப்பில் மூன்றாம் நிலை வர வேண்டும்: எதிர்த்தரப்பு தன் கருத்தைத் தானே சொன்னால் எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொல்லிவிட்டு, பிறகு அதற்குப் பதில் எழுதுவது. இதுவே மிகக் கடினம். ஏழாம் வகுப்பில் தன் கருத்தை நாட்டி நிறுவலாம். வாசிப்புக் குறிப்பேட்டில் ‘பிடித்திருந்தது’ என்ற வரி இருந்த இடத்தில் இந்த நிலைகளில் ஒன்று வந்தால், அந்தக் குறிப்பே ஒரு வாதத்தின் முதல் வரைவாகிவிடும்.

ஒரு கடிதம் உருவாகும் விதம்

மட்டாஞ்சேரி பஜார் ரோடு குறுகலானது. இருபுறமும் பழைய கிடங்குகள். மசாலா, அரிசி மூட்டைகள் ஏற்ற இறக்க வரும் லாரிகள். பள்ளி விடும் நேரத்தில் லாரிகளை நிறுத்தக் கூடாது என்று ஆறாம் வகுப்பு ஒன்று வார்டு கவுன்சிலருக்கு எழுத நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படித்தான் இருக்கும்: “லாரிகளால் எங்களுக்கு மிகவும் சிரமமாக உள்ளது. எனவே லாரிகளைத் தடைசெய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.” வடிவம் சரி. கவுன்சிலரின் மனம் மாற இதில் எதுவும் இல்லை.

ஆசிரியர் இதைத் திருத்தக் கூடாது. வகுப்பில் சுமைதூக்கும் தொழிலாளியின் மகன் ஒருவன் இருப்பான். கடை வைத்திருப்பவரின் மகளும் இருப்பாள். “லாரி வராவிட்டால் என் அப்பாவுக்கு அன்றைக்குக் கூலி?” என்று அவன் கேட்கட்டும். இந்தப் பேச்சு மலையாளத்தில்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். கொங்கணியில், தமிழில், உருதுவில் பேசி ஞாயத்தைத் தெளிவாக்கிக்கொண்டு பள்ளி மொழியில் எழுதலாம். வீட்டு மொழியில் கூர்மையாக வாதிடும் பிள்ளை, பள்ளி மொழியில் சொல் கிடைக்காமல் அடங்கிப்போவதை நாம் அறிவின்மை என்று தவறாகக் கணக்கிடுகிறோம்.

பிறகு பிள்ளைகள் வெளியே போய்ப் பார்க்கட்டும். எந்த நேரத்தில் எத்தனை லாரி நிற்கிறது என்று சில நாட்கள் எண்ணட்டும். ஒரு வியாபாரியிடமும் ஒரு தொழிலாளியிடமும் கேட்கட்டும். இரண்டாம் வரைவு வேறு எழுத்தாக வரும்: “மாலையில் பள்ளி விடும் அரைமணி நேரம் மட்டும் லாரிகள் சாலையின் ஒரு பக்கமாக நின்றால் போதும். நாங்கள் பேசிய தொழிலாளர் தாத்தா, முழுத் தடை வந்தால் கூலி போகும் என்றார். அதனால் முழுத் தடை கேட்கவில்லை. நாங்கள் எண்ணிய கணக்கை இத்துடன் வைத்திருக்கிறோம்.” கோரிக்கை சிறிதாகிவிட்டது, வலிமை கூடிவிட்டது. தங்கள் எண்ணம் ஏன் மாறியது என்பதையும் பிள்ளைகளே எழுதிவிட்டார்கள்.

இந்தக் கடிதம் உண்மையிலேயே அஞ்சலில் போக வேண்டும். பிள்ளையின் கடிதத்துக்குப் பெரியவர்கள் செவிசாய்ப்பதில்லை என்று சொல்ல முடியாது. 2021இல் திருச்சூரில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதைப் பாராட்டி, தான் வரைந்த படத்தோடு தலைமை நீதிபதி என். வி. ரமணாவுக்கு எழுதினாள். அவர் பதில் எழுதி, கையொப்பமிட்ட அரசமைப்புச் சட்ட நூலையும் அனுப்பினார். பதில் வராவிட்டால் அதுவும் பாடமே: அடுத்து யாருக்கு எழுதலாம், எந்தக் காரணம் எடுபடவில்லை என்று வகுப்பு கூடிப் பேச வேண்டும்.

எழும் மறுப்புகள்

முதலில் பிழையின்றி எழுதட்டும், பிறகு வாதிடலாம் என்பார்கள். ஆனால் பிள்ளை தன் எழுத்தைத் தானே திருத்த முன்வருவது, அதை ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரியும்போதுதான். ஸ்டீவ் கிரஹாமும் மைக்கேல் ஹெபர்ட்டும் 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, படித்ததைப் பற்றி எழுதுவது வாசிப்புப் புரிதலை வளர்க்கிறது என்று காட்டினார்கள். எழுத்தை ஒத்திப்போட்டால் வாசிப்பும் பின்தங்குகிறது.

பெரியவர்களை எதிர்த்துப் பேசப் பழக்குகிறோம் என்ற அச்சமும் உண்டு. எதிர்த்தரப்பின் ஞாயத்தை நேர்மையாகச் சொல்லப் பழகிய பிள்ளை, சொல்லப் பழகாத பிள்ளையைவிட மரியாதையோடு பேசும். அடக்கி வளர்த்த பிள்ளைக்கு மௌனம், கூச்சல் என்ற இரண்டே வழிகள்தான் தெரியும்.

வகுப்பறைக்குள் அரசியல் நுழையும் என்பது மூன்றாவது மறுப்பு, எளிதில் தள்ளக்கூடியதன்று. 2008இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில், மதம் என்ற கட்டத்தில் மதமில்லை என்று எழுதும்படி பெற்றோர் சொல்லும் ஒரு பாடம் வந்தது. அதைச் சுற்றி மாநிலமே கொந்தளித்தது, பாடம் மாற்றப்பட்டது. பிள்ளைகளின் முன் ஒரு திறந்த கேள்வியை வைத்தாலே பெரியவர்கள் எப்படி அஞ்சுகிறார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆசிரியர் தன் முடிவைத் திணிக்காமலிருப்பதும், தலைப்பு பிள்ளைகள் தாங்களே பார்த்தறிந்த வாழ்விலிருந்து வருவதுமே இதற்குக் காப்பு. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்து கொச்சியைப் புகை மூடியபோது, முதலில் விடுமுறை விடப்பட்டது ஒன்று முதல் ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கே. குப்பையைத் தரம்பிரிப்பது யார் கடமை என்று எழுத அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்?

இனி செய்ய வேண்டியது

2022 நவம்பரில், புதிய கலைத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளிடமே வகுப்பறைகளில் கருத்துக் கேட்டது. மாற்றிய பாடநூல்கள் 2024 முதல் வந்தன. பிள்ளைகளின் கருத்துக்கு ஒரு பாடவேளையில் கிடைத்த அந்த மதிப்பு ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும்; தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் புதிய நிதியோ கருவியோ தேவையில்லை. பருவத்துக்கு ஒரு கடிதமாவது உண்மையான ஒருவருக்குப் போகட்டும். வாசிப்புக் குறிப்பில் கதைச் சுருக்கத்தைக் குறைத்து, ‘ஏற்கிறேன், ஏற்கவில்லை, ஏன்’ என்பதற்கு இடம் தருவோம். எழுதுமுன் மாற்றுக் கருத்துள்ள தோழரோடு பேசுவதைப் பாடவேளைக்குள் கொண்டுவருவோம். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் மூன்றே கேள்விகளைக் கேட்கட்டும்: காரணம் சொன்னதா? சான்று காட்டியதா? எதிர்த்தரப்புக்குப் பதில் தந்ததா? முகவரி எழுதும் முறைக்கு அதன் பிறகு மதிப்பெண் தரலாம்.

இசையவைக்கும் திறன் விளம்பரக்காரர்களிடமும் மேடைப் பேச்சாளர்களிடமும் ஏராளமாக இருக்கிறது. அவர்களிடமிருந்து நம் பிள்ளைகளைக் காக்க ஒரே வழி, அந்தத் திறனைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுவது. அதோடு, நல்ல காரணம் கேட்டால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவையும் சேர்த்துக் கொடுப்பது. பல மதங்களும் மொழிகளும் தோளோடு தோள் உரசி வாழும் மட்டாஞ்சேரி போன்ற ஊரில் பத்து வயதில் அதைக் கற்றுக்கொண்டவர், நாளை வாக்களிக்கும்போதும், அண்டை வீட்டாரோடு முரண்படும்போதும், தான் நம்புவதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராகத் தன்னை உணர்வார். மொழிப்பாடம் ஒரு சமூகத்துக்குச் செய்யக்கூடிய இதைவிடப் பெரிய தொண்டு எனக்குத் தெரியவில்லை.